பர்ஸ் போனது ஆறரைக்கு... சொன்னது ஏழே முக்காலுக்கு!

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் நீங்கள் எழுதுவதை எல்லாம் படித்துவிட்டு, நாமும் ஒரு நாள் எழுதணும் என்று நினைத்துக் கொள்வேன். வத்தக்குழம்புப் பொடியோ, பழைய புடவையில் தலையணை உறை தைப்பதோ, அப்படி ஏதாவது எழுதுவேன் என்றுதான் நினைத்தேன். என் முட்டாள்தனத்தையே எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. படிக்கிற ஒருத்திக்காவது உதவுமே என்றுதான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கிழக்குத் தாம்பரம், சேலையூர் பக்கம். 2025 ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, பெண்ணுக்குப் பாவாடைத் துணியும் எனக்கு இரண்டு ஜாக்கெட் பிட்டும் வாங்கலாம் என்று மாம்பலம் போனேன். ஆடித் தள்ளுபடி நேரத்தில் ரங்கநாதன் தெரு எப்படி இருக்கும் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? அங்கே பையை மார்போடு அணைத்துக்கொண்டே நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது, ரயிலில் லேடீஸ் பெட்டிதானே என்று கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டேன். நிற்கவும் இடமில்லை. ஒரு கையில் துணிப் பை, ஒரு கையில் செல்போன், மேலே பிடித்துக்கொள்ள மூன்றாவது கைக்கு எங்கே போவது? தோள் பை முதுகுப் பக்கம் போய்விட்டது.

தாம்பரத்தில் இறங்கி வெளியே வந்து, இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கலாம் என்று பையைத் திறந்தேன். திறக்கவே தேவையில்லாமல் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. பிளேடு! உள்ளே தண்ணீர் பாட்டில் இருக்கிறது, குடை இருக்கிறது, பர்ஸ் இல்லை. மணி அப்போது ஆறரை. பூக்காரம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "பர்ஸா? உக்காரு கண்ணு, தண்ணி குடி" என்றார். பூவையும் கையில் திணித்தார். காசு நாளைக்குக் கொடு என்றார்.

பர்ஸில் என்னவெல்லாம் இருந்தது என்று அங்கே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். பணம் 1,840 ரூபாய். என் ஏ.டி.எம். கார்டு. ஆதார், பான் கார்டு, ரேஷன் ஸ்மார்ட் கார்டு, எல்லாமே ஒரிஜினல். வீட்டுச் சாவி ஒன்று. மரை தேய்ந்து போனதை மாற்றலாம் என்று கொண்டுபோய், நேரமில்லாமல் திரும்பக் கொண்டு வந்த என் மூக்குத்தித் திருகு. இதெல்லாம் போக, என் மாமியாரின் பென்ஷன் கணக்கு ஏ.டி.எம். கார்டு.

அந்தக் கார்டைப் பற்றி நினைத்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாமனார் இறந்த பிறகு அத்தைக்கு வரும் குடும்ப பென்ஷன் அது. மாதா மாதம் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். வீட்டில் மூன்று கார்டு, மூன்றுக்கும் மூன்று நம்பர். எனக்கு மாறிப் போய்விடுகிறது என்று அத்தையே ஒரு துண்டுச் சீட்டில் அழகாகத் தன் கையால் ரகசிய எண்ணை எழுதி, கார்டு உறைக்குள்ளேயே மடித்து வைத்துக் கொடுத்திருந்தார். இரண்டு வருடமாக அது அங்கேயேதான் இருந்தது. சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டதற்குச் சமம்.

இப்போது நீங்கள் கேட்கலாம், கையில்தான் செல்போன் இருந்ததே, உடனே கூப்பிட வேண்டியதுதானே என்று. அதைத்தான் செய்யவில்லை. பேங்க் நம்பர் என்ன என்றே எனக்குத் தெரியாது. அது கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும், கார்டோ போய்விட்டது. ஆனால் உண்மையான காரணம் அதில்லை. வீட்டில் சொல்லப் பயம். போன மாதம்தான் குடை ஒன்றைத் தொலைத்துவிட்டு இவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். "காலையில் மெதுவாகச் சொல்லிக்கலாம், திருடனுக்கு வேண்டியது ரொக்கம்தானே, கார்டைத் தூக்கிப் போட்டிருப்பான்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெளியே வந்து கேம்ப் ரோடு போகிற சாதாரண கட்டணப் பஸ்ஸில் ஏறினேன். 2021 மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே. பத்து பைசா கையில் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தேன். கண்டக்டர் கொடுத்த இலவசச் சீட்டைப் பார்த்ததும்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

வீட்டுக்கு வந்து பூவைச் சாமிக்குப் போட்டேன், பெண்ணுக்குத் தோசை ஊற்றினேன். "ஏம்மா முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று அத்தை கேட்டார். "கூட்டம் அத்தை, தலைவலி" என்றேன்.

ஏழே முக்காலுக்கு இவர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா கணக்குல இருந்து இப்ப பத்தாயிரம் எடுத்தியா?" என்றார். அத்தை கணக்குக்கு இவர் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம். மெசேஜ் அவருக்கு வரும். தோசைக் கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. நான் வாயைத் திறந்து சொல்வதற்குள் இன்னொரு மெசேஜ். இன்னொரு பத்தாயிரம். குரோம்பேட்டையில் ஒரு ஏ.டி.எம்.மில் எடுத்திருந்தான்.

இவர் கத்தவில்லை. அத்தையின் பாஸ்புக்கைத் தேடி எடுத்து, அதில் இருந்த இலவச எண்ணுக்கு அடித்தார். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று அது சுற்றிச் சுற்றி விட்டு, ஒருவழியாகக் கார்டை முடக்கியபோது மணி எட்டு அடிக்க இரண்டு நிமிடம். புகார் எண்ணையும் நேரத்தையும் தினசரிக் காலண்டர் தாளில் எழுதிக் கிழித்து வைத்தார். அந்தத் தாள் பிறகு எவ்வளவு உதவியது தெரியுமா! அடுத்து என் கார்டையும் முடக்கினோம். ராத்திரி 12 மணி 4 நிமிடத்துக்கு மறுபடி மெசேஜ். அத்தையின் முடக்கிய கார்டைப் போட்டுப் பார்த்திருக்கிறான், மெஷின் மறுத்துவிட்டது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று அளவு இருக்கிறதே, தேதி மாறியதும் அடுத்த தவணைக்குக் காத்திருந்திருக்கிறான். கணக்கில் இன்னும் நாற்பத்தாறாயிரம் இருந்தது. முடக்காமல் தூங்கியிருந்தால் விடிவதற்குள் அதிலும் கை வைத்திருப்பான்.

அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. கண்புரை ஆபரேஷனுக்கு என்று சேர்த்து வைத்திருந்த பணம். "இருபதாயிரம் போனா போகுது. ஆறரைக்குப் போனதை ஏம்மா சொல்லாம இருந்தே? நான் என்ன அடிச்சிடுவேனா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரி இன்னொரு பயம் வந்தது. சாவி போயிருக்கிறது. ஆதாரில் வீட்டு விலாசம் முழுசாக இருக்கிறது. சாவியும் விலாசமும் ஒரே பர்ஸில்! இவர் வாசல் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்தார். காலையில் முதல் வேலையாக ஆளைக் கூப்பிட்டுப் பூட்டை மாற்றினோம். சாவிக்கொத்தில் வீட்டு நம்பர் எழுதித் தொங்கவிடுகிற பழக்கம் உங்களில் யாருக்காவது இருந்தால் இன்றைக்கே கழற்றி விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போலீசுக்குப் போனோம். வீட்டுக்குப் பக்கத்துக் காவல் நிலையத்தில், "ரயில்ல போனதா? அது ரயில்வே போலீஸ் விஷயம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். தாம்பரத்துக்கு என்று 2022 ஜனவரியிலிருந்து தனிப் போலீஸ் கமிஷனர் அலுவலகமே இருக்கிறது. ஆனாலும் ரயிலிலும் ரயில்வே ஸ்டேஷனுக்குள்ளும் நடக்கிற திருட்டைத் தமிழ்நாடு ரயில்வே போலீஸ்தான் விசாரிக்கும். ஸ்டேஷனில் காக்கியில் இரண்டு வகை உண்டு. ரயில்வே பாதுகாப்புப் படை என்பது மத்திய அரசைச் சேர்ந்தது, வழக்குப் போடுவது ரயில்வே போலீஸ். இதெல்லாம் அலைந்து தெரிந்துகொண்டதுதான். உண்மையில், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரை வாங்கியே ஆக வேண்டும். வாங்கிக்கொண்டு அவர்களே உரிய நிலையத்துக்கு அனுப்பி வைக்க வேண்டுமாம். அன்றைக்கு எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் நின்று பேசத் தெம்பு இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

ரயில்வே போலீசில் ஒரு பெண் ஏட்டு இருந்தார். நான் எழுதிக் கொண்டுபோன மனுவைப் படித்துவிட்டு, "பர்ஸ் காணவில்லைன்னு எழுதியிருக்கீங்களே, காணாம போச்சா, திருடு போச்சா?" என்றார். எனக்கு இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றியது. ஒன்றில்லையாம். தொலைந்தது என்று எழுதினால் ஆவணம் தொலைந்ததற்கான ரசீதோடு முடிந்துவிடும். அதைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே பதிவு செய்துகொள்ளலாம், ஸ்டேஷனுக்கே போக வேண்டாம். திருட்டு என்றால் அது குற்றம், எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். முன்பு 379 என்று சொல்வோமே, அந்தத் திருட்டுப் பிரிவு இப்போது 303. பேங்க்கில் கேட்டால் இந்தக் காகிதம்தான் பேசும். மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுப்பார்கள். அது மனுவை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி மட்டும்தான். எஃப்.ஐ.ஆர். நகலைத் தனியாகக் கேளுங்கள், புகார் கொடுத்தவருக்கு அது இலவசம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

அந்த ஏட்டம்மா கிழிந்த பையையும் பார்த்தார். நல்லவேளை நான் அதைத் தைத்து வைக்கவில்லை. எந்த ஸ்டேஷனில் எத்தனை மணி ரயிலில் ஏறினேன், எந்தப் பெட்டி, எங்கே இறங்கினேன், என்னென்ன இருந்தது, பணம் எந்த ஏ.டி.எம்.மில் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வைத்தார். கேமரா பதிவை எத்தனையோ நாள் வைத்திருக்க மாட்டார்கள், சீக்கிரம் வந்ததே நல்லது என்றார். "ரயில்ல இருக்கும்போதே தெரிஞ்சா 139-க்கு அடிங்க" என்று அவர் சொன்னதை நான் போனில் பதிந்து வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பேங்க். நாங்கள் ஏதோ பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்ற நினைப்பில் போனோம். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் பேசியது கசந்தது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை மாதம் போட்ட உத்தரவை எடுத்துக் காட்டினார். நம் தப்பும் இல்லை, பேங்க் தப்பும் இல்லை, வெளியாள் செய்த மோசடி என்றால், பேங்க்கிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை என்கிறது அது. ஆனால் ரகசிய எண்ணை நாமே வெளியே விட்டிருந்தால், பேங்க்குக்குச் சொல்கிற நிமிடம் வரை போன பணம் நம்முடையது. சொன்ன பிறகு போனால் அது பேங்க் பொறுப்பு. எங்கள் காலண்டர் தாளில் 7.58 என்று இருக்கிறது. இருபதாயிரமும் அதற்கு முன்னாலேயே போய்விட்டது. ஆறரைக்குப் பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தபடியே இவருக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஒரு ரூபாய் போயிருக்காது.

"கார்டையும் எண்ணையும் மருமகளிடம் கொடுத்ததே விதிப்படி சரியில்லை, அம்மா" என்றும் அவர் சொன்னார். அத்தை பளிச்சென்று, "மருமக கிட்ட கொடுக்காம, அப்ப யார்கிட்ட சார் கொடுக்கறது?" என்று கேட்டாரே பார்க்கலாம்! அவர் சிரித்துவிட்டார். பணம் மட்டும் வரவில்லை.

என் சொந்தக் கார்டு எப்படித் தப்பியது என்று எதிர்வீட்டு அக்காவின் மகன்தான் விளக்கினான். கார்டில் அலை அலையாக ஒரு குறி போட்டிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அந்தக் கார்டைக் கடை மெஷின்மேல் காட்டினாலே போதும், 2021 ஜனவரியிலிருந்து 5,000 ரூபாய் வரை ரகசிய எண்ணே தேவையில்லை. நான் அந்த வசதியைத் திறக்கவே இல்லை. சோம்பேறித்தனம்தான் காப்பாற்றியது. உங்கள் கார்டில் அது திறந்திருக்கிறதா என்று பேங்க்கில் கேட்டுப் பாருங்கள், வேண்டாமென்றால் மூடச் சொல்லலாம்.

ஆதாரைப் பற்றி நான் அழுத அழுகை வீண். அட்டை போனாலும் எண் நம்முடையதுதான், இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் என்றால் கூப்பிட வேண்டிய எண் 1947, சுதந்திரம் வாங்கின வருஷம், மறக்கவே மறக்காது. கைரேகையை வைத்து யாரும் பணம் எடுக்காமல் இருக்க அதைப் பூட்டி வைக்கவும் வசதி இருக்கிறது. பான் கார்டுதான் கொஞ்சம் வில்லங்கம், அதை வைத்து நம் பெயரில் கடன் வாங்கிவிட்டால்? சிபில் போன்ற நிறுவனங்கள் வருடத்துக்கு ஒருமுறை நம் கடன் விவரத்தை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இவர் அதை எடுத்துப் பார்த்தார், எதுவும் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் கழித்து மறுபடி பார்க்கணும் என்கிறார்.

பர்ஸோடு செல்போனும் போயிருந்தால் இந்தக் கதை இதைவிட மோசமாக இருந்திருக்கும். இப்போது பணமும் பேங்க்கும் அதற்குள்தானே இருக்கிறது. முதலில் வேறு போனிலிருந்து சிம் கார்டை முடக்கச் சொல்ல வேண்டும், பணம் போயிருந்தால் 1930-க்கு அடிக்க வேண்டும். போலீஸ் புகார் நகலைக் கொண்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கிவிடலாம், வேறு சிம் போட்டாலும் வேலை செய்யாது. அதற்கு போனின் 15 இலக்க எண் வேண்டும். போனில் *#06# என்று அடித்தால் திரையில் வரும். எங்கள் வீட்டில் எல்லார் எண்ணும் இப்போது மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, பேங்க் புகார் எண்களும் பக்கத்திலேயே. மளிகை நோட்டை எந்தத் திருடனும் எடுக்க மாட்டான்!

பதினோரு நாள் கழித்து ரயில்வே போலீசிலிருந்து போன். சானடோரியம் பக்கம் தண்டவாளம் ஓரத்தில் துப்புரவு வேலை செய்கிற ஒரு அம்மா பர்ஸை எடுத்துக் கொடுத்திருக்கிறார். மழையில் நனைந்து ஊறிப் போயிருந்தது. ஆதார், பான், ரேஷன் கார்டு எல்லாம் அப்படியே. சில்லறை வைக்கும் சின்ன அறைக்குள் விரலை விட்டால் மூக்குத்தித் திருகு! பொடிசாக இருந்ததால் அவன் கண்ணில் படவில்லை போல. பணமும் இரண்டு கார்டுகளும் சாவியும் இல்லை, அத்தை எழுதிய துண்டுச் சீட்டும் இல்லை. அந்த அம்மாவுக்கு ஒரு புடவை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார், விடவில்லை நான். பூக்காரம்மாவுக்குப் பூக்காசு அந்த ஞாயிற்றுக்கிழமையே கொடுத்துவிட்டேன்.

திருடன் அகப்படவில்லை. அத்தையின் கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டாம் என்று, நான் சேர்த்து வைத்திருந்த தீபாவளிச் சீட்டுப் பணத்தைப் போட்டேன். இவர் மீதியைப் போட்டார். நல்லபடியாக முடிந்தது, இப்போது அவரே ஊசியில் நூல் கோக்கிறார்.

பென்ஷன் எடுக்க இப்போது அவரும் என்னோடு ஏ.டி.எம்.முக்கு வருகிறார். புது எண்ணை யாருக்கும் சொல்லவில்லை, எங்கேயும் எழுதவும் இல்லை. மெஷின் முன்னால் நின்று, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, என்னைப் பார்த்து, "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்கிறார். நானும் திரும்பிக்கொண்டு, அவர் ஒவ்வொரு பொத்தானாகத் தேடித் தேடி அழுத்தி முடிக்கும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

- வாசகி, சேலையூர்